ஸ்டாப்: நில்லா, நிறுத்தா, அடையா?

தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற தம்பிக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. யாரோ மணியை அமுக்கினார்கள். முன்னால் இருந்த பலகையில் 'ஸ்டாப்பிங்' என்ற எழுத்து எரிந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்து, "அண்ணே, ஸ்டாப்பிங்னு போட்டிருக்கு. எந்த ஸ்டாப்பிங்னு பேர் போடலையே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் ஸ்டாப்பிங் என்பது ஓர் இடம். 'அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கிக்கங்க' என்று நடத்துநர் சொல்லிக் கேட்டு வளர்ந்தவருக்கு, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஊர்ப் பெயரோ கோயில் பெயரோ வரவேண்டும். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்குப் பெயர் வெறும் ஸ்டாப். ஸ்டாப்பிங் என்றால் அங்கே ஒரு செயல் நடக்கிறது என்று பொருள்: பஸ் நிற்கப் போகிறது, அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்குச் சொன்ன அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கி, இப்போது ஞாயிறுதோறும் அவரும் அவர் அறைத் தோழர்கள் மூன்று பேரும் என்னோடு உட்கார்ந்து ஆங்கிலம் படிக்கிறார்கள். ஸ்டாப் என்ற இந்தச் சின்ன வினைச்சொல்லுக்கே எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தில் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அது தெரிந்தால் மற்றதெல்லாம் பிடிபடும்.

ஸ்டாப் என்ற சொல்லின் அடியில் கிடப்பது நார். சணலையும் ஆளிச் செடியின் நாரையும் சீவும்போது, நீளமான நல்ல நார் ஒரு பக்கம் போக, முரட்டுச் சிக்கல் நார் கழிந்து விழும். லத்தீனில் அதற்கு 'ஸ்டுப்பா' என்று பெயர். கிரேக்கத்திலிருந்து போன சொல் அது. துணிக்கு ஆகாத அந்த நாருக்கு வேறொரு பயன் இருந்தது. ஓட்டையிலோ இடுக்கிலோ திணித்தால் தண்ணீர் புகாது. அப்படித் திணித்து அடைப்பதைப் பிற்கால லத்தீனில் 'ஸ்டுப்பாரே' என்றார்கள். அதுதான் பழைய ஆங்கிலத்துக்குள் வந்து, 'அடைத்து மூடு' என்ற பொருளில் 'ஃபார்ஸ்டாப்பியான்' என்ற வடிவில் கிடைக்கிறது. அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்கும் வழி இது. அந்தக் காலத்தில் இந்தச் சொல்லில் பஸ் நிற்பது, வேலை நிற்பது, மழை நிற்பது எதுவும் கிடையாது. அடைப்பது மட்டும்தான்.

இது நமக்கு அந்நியமான காட்சி இல்லை. மரத்தோணி கட்டும் நம் கடற்கரை ஊர்களில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சையோ நாரையோ உளிபோன்ற கருவியால் இறுக்கி அடித்து, மேலே குங்கிலியம் பூசுவார்கள். கலப்பற்று என்று அந்த வேலைக்குப் பெயர். சிங்கப்பூர் ஆற்றிலும் 1983 வரைக்கும் மரப்படகுகள் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தன. அதன்பிறகு அவற்றைப் பாசிர் பாஞ்சாங் பக்கம் மாற்றிவிட்டார்கள். அந்த ஆற்றில் ஆரம்ப காலத்தில் படகுத் தொழிலில் இருந்தவர்களில் நம் தமிழ் முஸ்லிம் சூலியாக்கள் முக்கியமானவர்கள். சூலியா ஸ்ட்ரீட் இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு படகின் இடுக்கில் நாரைத் திணிக்கும் கையை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாப் என்ற சொல் பிறந்தது அந்தக் கைவேலையில்தான்.

அப்புறம் என்ன ஆயிற்று? ஓட்டையை அடைத்தால் ஓடுகிற தண்ணீர் நிற்கிறது. அடைப்பது காரணம், நிற்பது விளைவு. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலேயர்கள் காரணத்தைச் சொல்லும் சொல்லாலேயே விளைவையும் சொல்லத் தொடங்கினார்கள். தண்ணீரை ஸ்டாப் செய்தது போக, வண்டியை, ஆளை, சண்டையை எல்லாம் ஸ்டாப் செய்தார்கள். அதற்குப் பிறகு, யாரும் தடுக்காமல் தானாக நிற்பதற்கும் அதே சொல் வந்தது. இந்தப் பொருள் மாற்றம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஜெர்மனில் அதே வேரிலிருந்து வந்த 'ஷ்டாப்ஃபென்' இன்றும் திணிப்பதையும் அடைப்பதையும்தான் குறிக்கிறது. நிற்பதற்கு அவர்களிடம் 'ஷ்டாப்பென்' என்று தனி வடிவம் இருக்கிறது.

பழைய பொருள் ஆங்கிலத்திலும் அழிந்துவிடவில்லை. பாட்டில் வாயை மூடும் தக்கைக்கு ஸ்டாப்பர் என்று பெயர். தண்ணீர்க் குழாயை மூடும் வால்வு ஸ்டாப்காக். குழாய் ஒழுகினால் முதலில் தேடவேண்டியது அதைத்தான். புல்லாங்குழல் வாசிப்பவர் விரலால் துளையை மூடுவதையும் ஆங்கிலத்தில் ஸ்டாப் என்ற வினையால்தான் சொல்கிறார்கள். எஸ்பிளனேட் இசையரங்கில் ஆயிரக்கணக்கான குழல்கள் கொண்ட பெரிய ஆர்கன் ஒன்று இருக்கிறது. அதில் எந்த வரிசைக் குழல்களுக்குக் காற்று போகலாம் என்று தீர்மானிக்கும் குமிழ்களுக்குப் பெயர் ஸ்டாப்ஸ். குமிழை வெளியே இழுத்தால் அடைப்பு திறந்து காற்று போகும். எல்லாவற்றையும் இழுத்துவிட்டால் அரங்கமே அதிரும். 'புல் அவுட் ஆல் த ஸ்டாப்ஸ்' என்ற மரபுத்தொடர் அங்கிருந்து வந்தது. ஒன்றும் பாக்கி வைக்காமல் முழுமூச்சாக இறங்குவது என்று பொருள். 'எல்லாவற்றையும் நிறுத்து' என்று எடுத்துக்கொண்டால் நேர் எதிராகப் போய்விடும். அடைப்பு என்ற படம் மனதில் இருந்தால் குழப்பம் வராது.

இங்கே கொஞ்சம் விலகி ஒன்று சொல்லியாகவேண்டும். நம்மில் பலர், குறிப்பாகப் பெரியவர்கள், 'இஸ்டாப்பு' என்று சொல்வோம். பள்ளிப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை. தமிழில் ஒரு சொல் இரண்டு மெய்களோடு தொடங்காது. அதனால் நாக்கு முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்கிறது. இதே காரியத்தைப் பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் செய்திருக்கிறார்கள். லத்தீனின் 'ஸ்டுப்பா' ஸ்பானிய மொழியில் 'எஸ்தோப்பா' ஆயிற்று, பழைய பிரெஞ்சில் 'எஸ்தூப்' ஆயிற்று. முன்னால் சேர்ந்த அந்த 'எ'வும் நம்முடைய 'இ'யும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

அந்தப் பிரெஞ்சு வடிவம் ஆங்கிலச் சட்டத்துக்குள் புகுந்து 'எஸ்டாப்பெல்' என்ற சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தைப் பின்பற்றும் சிங்கப்பூரிலும் அது புழக்கத்தில் உண்டு. ஒருவர் ஒன்றைச் சொல்லி இன்னொருவரை நம்பவைத்து, அவரும் அதை நம்பி நடந்துகொண்ட பிறகு, 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று திரும்ப முடியாது என்பது அதன் சாரம். 1628இல் எட்வர்ட் கோக் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர் இதை விளக்கும்போது, ஒருவனுடைய சொந்தச் செயலே அவன் வாயை அடைத்துவிடுகிறது என்றார். நாமும் 'வாயடைத்து நின்றான்' என்கிறோமே. ஸ்டாப் நடந்து வந்த பாதை முழுவதும் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. முதலில் அடைப்பு, பிறகு நிற்பு.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். தமிழர்களுக்கு இந்தச் சொல்லில் எங்கே இடறுகிறது?

ஆங்கிலம் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கும் இடத்தில் தமிழ் பல சொற்களை வைத்திருக்கிறது. பஸ் தானாக நின்றால் 'நின்றது'. ஓட்டுநர் செய்தால் 'நிறுத்தினார்'. ஓடு, ஓட்டு, திரும்பு, திருப்பு, அடங்கு, அடக்கு என்பதுபோல நில்லுக்கு நிறுத்து. ஆங்கிலத்தில் 'த பஸ் ஸ்டாப்ட்' என்றாலும் ஸ்டாப்தான், 'த டிரைவர் ஸ்டாப்ட் த பஸ்' என்றாலும் ஸ்டாப்தான். சொல் மாறுவதில்லை, பின்னால் ஒரு பொருள் வருகிறதா இல்லையா என்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மழை என்றால் நாம் 'விட்டது' என்போம், காய்ச்சலும் விடும். பிள்ளை அடம்பிடித்தால் 'போதும்', 'விடு', 'சும்மா இரு' என்போம். இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் ஸ்டாப் பொருந்தும். 'ஸ்டாப் இட்' என்பதைப் பார்த்தவுடன் 'அதை நிறுத்து' என்று மொழிபெயர்க்கிறார்கள். எந்தத் தமிழ் அம்மா பிள்ளையிடம் அப்படிப் பேசுவார்?

இன்னொரு சிக்கல், தமிழில் நில் என்றால் நிமிர்ந்து நிற்பதும் அதுதான், ஓடியது ஓய்ந்து நிற்பதும் அதுதான். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ஸ்டாண்ட், இரண்டாவதற்கு ஸ்டாப். அதனால்தான் புதிதாகப் படிப்பவர்கள் 'பஸ் ஹியர் நாட் ஸ்டாண்டிங்' என்று சொல்லிவிடுகிறார்கள். சிங்கப்பூர்த் தெருவே இதற்கு நல்ல பாடம். டாக்சி காத்து நிற்கும் இடம் டாக்சி ஸ்டாண்டு. பஸ் வந்து சற்று நின்று போகும் இடம் பஸ் ஸ்டாப். காத்து நிற்பதற்கு ஒன்று, ஓட்டம் தடைபடுவதற்கு ஒன்று.

அடுத்தது எல்லாரையும் படுத்தும் இடம். ஸ்டாப்புக்குப் பின்னால் இன்னொரு வினை வரும்போது அது '-இங்' என்று முடியவேண்டுமா, முன்னால் 'டு' வரவேண்டுமா?

நம் வகுப்புத் தம்பி ஒருவர் கட்டுமானத் தளத்தில் பளு தூக்கும் குழுவில் இருக்கிறார். ஒருநாள் மதியம் இடி மின்னல் எச்சரிக்கை வந்தது. கிரேன் வேலையை நிறுத்திவிட்டார்கள். மேற்பார்வையாளருக்கு இவர் வாட்ஸ்அப்பில் 'வீ ஸ்டாப் டு லிஃப்ட்' என்று அனுப்பினார். தூக்குவதை நிறுத்திவிட்டோம் என்று சொல்ல நினைத்தார். படித்தவருக்குப் புரிந்தது நேர் எதிர்: எதையோ தூக்குவதற்காக நின்றிருக்கிறார்கள். உடனே பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்துவிட்டார். வேலை ஏற்கனவே நின்றிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பளு தூக்கும் தளத்தில் அந்த இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள தூரம் சாதாரணமானதில்லை. ஸ்டாப் என்ற சைகையை யார் காட்டினாலும் கிரேன் ஓட்டுநர் கேட்டே ஆகவேண்டும் என்பது அந்தத் தொழிலின் அடிப்படை விதி. சொல்லால் சொல்லும்போதும் அந்தத் தெளிவு வேண்டாமா?

இதற்கு வழி தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. மனதில் வாக்கியத்தைத் தமிழில் வையுங்கள். 'தூக்குவதை நிறுத்தினோம்' என்றால் அதில் 'ஐ' இருக்கிறது, இரண்டாம் வேற்றுமை. அப்படி வந்தால் ஆங்கிலத்தில் '-இங்': 'வீ ஸ்டாப்ட் லிஃப்டிங்'. 'தூக்குவதற்கு நின்றோம்' என்றால் 'கு' இருக்கிறது, நான்காம் வேற்றுமை. அப்படி வந்தால் 'டு': 'வீ ஸ்டாப்ட் டு லிஃப்ட்'. 'ஐ' என்றால் '-இங்', 'கு' என்றால் 'டு'. 'ஹீ ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் அவர் புகைப்பதை விட்டுவிட்டார், வீட்டில் நிம்மதி. 'ஹீ ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் நடந்து போனவர் ஒரு சிகரெட் பிடிப்பதற்கு நின்றார். மருந்துச் சீட்டில் 'ஸ்டாப் டேக்கிங்' என்று இருந்தால் அந்த மருந்தைச் சாப்பிடுவதை நிறுத்தவேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட ஒருவர் இந்த 'ஐ', 'கு' கணக்கைக் கேட்டுவிட்டு, "இது நம்ம இலக்கணமாச்சே அண்ணே" என்றார். அவர் முகத்தில் அப்போது வந்த தெளிவை நான் மறக்கமாட்டேன்.

'ஃபிரம்' வந்தால் வேறு பொருள். 'ஹீ ஸ்டாப்ட் மீ' என்றால் என்னை நிற்கவைத்தார். 'ஹீ ஸ்டாப்ட் மீ ஃபிரம் கோயிங்' என்றால் என்னைப் போகவிடாமல் தடுத்தார். தமிழில் 'விடாமல்' என்று வரும் இடத்தில் 'ஃபிரம்' போட்டுப் பாருங்கள், சரியாக இருக்கும்.

'ஸ்டாப் அட்' என்பதற்குச் சிங்கப்பூர் வரலாற்றிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1972இல் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டுக்காக 'ஸ்டாப் அட் டூ' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. என் வயதுக்காரர்கள் வீட்டில் இந்தச் சொல் அடிபடாமல் இருந்திருக்காது. இதை அப்படியே நம் வழக்கில் சொன்னால் 'இரண்டோடு நிறுத்து'. அந்த 'ஓடு'தான் இங்கே 'அட்'. பத்தோடு நிறுத்தினான், பாதியோடு நின்றது என்பவை எல்லாம் இந்த வகை. பிறப்பு விகிதம் குறைந்துபோனதும் 1987இல் கொள்கை தலைகீழாக மாறி, வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்று ஆனது.

நான்-ஸ்டாப்பையும் கவனிக்கவேண்டும். டைரக்ட் விமானம் என்றால் இடையில் எங்கும் இறங்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே விமான எண்ணோடு நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும் அது டைரக்ட்தான். எங்கும் இறங்காமல் போவதுதான் நான்-ஸ்டாப். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபரில் நியூயார்க் பகுதிக்கு மறுபடி தொடங்கிய சேவை அந்த வகை. 15,000 கிலோமீட்டருக்கு மேல், எங்கும் தரை தொடாமல். ஊருக்கு டிக்கெட் எடுக்கும்போதும் இந்த வித்தியாசம் உதவும்.

ஸ்டாப்பின் உறவுக்காரர்களைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. சீஸ் (cease) என்பது எழுத்து மொழிக்கு உரியது. வக்கீல் கடிதத்திலும் சீஸ்ஃபயர் என்ற போர்நிறுத்தத்திலும் வரும், சாப்பாட்டுக் கடையில் வராது. ஹால்ட் படைவீரர் சொல். பிடித்து நிறுத்துவது என்ற ஜெர்மன் வேரிலிருந்து வந்தது. ஆனால் சிங்கப்பூரில் தேசிய சேவை செய்யும் நம் பிள்ளைகளின் காதில் அது அதிகம் விழாது, இங்கே அணிவகுப்பு ஆணைகள் மலாயில்தான். பாஸ் (pause) என்றால் சற்று நின்று தொடரப்போகிறோம் என்று அர்த்தம். க்விட் என்றால் விட்டுப் போய்விடுவது. மலேசியாவில் ஜொகூர் பக்கம் போனால், இங்கே ஸ்டாப் என்று எழுதியிருக்கும் அதே சிவப்பு எண்கோணச் சாலைப் பலகையில் மலாயில் 'பெர்ஹெந்தி' என்று இருக்கும். அங்கே வண்டி முழுதாக நிற்கவேண்டும். வேகத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. சொல் எந்த மொழியில் இருந்தாலும் எண்கோணம் அதைச் சொல்லிவிடும்.

எழுதும்போது ஸ்டாப்பில் ஒரு 'பி'. ஸ்டாப்டிலும் ஸ்டாப்பிங்கிலும் இரண்டு 'பி'. கடந்த காலத்தில் கடைசி ஒலி 'ட்'. அதை விழுங்கிவிடக் கூடாது, விழுங்கினால் நேற்று நின்றதும் இன்று நிற்பதும் கேட்பவருக்கு ஒன்றாகிவிடும். 'ஸ்டாப்பெட்' என்று இழுக்கவும் வேண்டாம். இதைத் தம்பிகள் பத்துத் தடவை சத்தமாகச் சொல்லிப் பழகினார்கள். பக்கத்து மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரும் கூடவே சொன்னார்.

போன புதன்கிழமை மறுபடி மின்னல். கிரேன் தம்பி மேற்பார்வையாளருக்கு அனுப்பிய செய்தியை எனக்கும் படம் எடுத்து அனுப்பியிருந்தார். 'லைட்னிங். வீ ஸ்டாப்ட் லிஃப்டிங் அட் 3.10.' கீழே மேற்பார்வையாளரின் பதில்: 'ஓகே. ஸ்டே இன்சைட்.'